எத்தனை துண்டறிக்கை என்று கேட்கவில்லை

மதிப்பிட்டுக் கருத்துச் சொல்லும்படி மீண்டும் ஒரு திட்ட அறிக்கை வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் பேரணிப் படம். அடுத்த பக்கத்தில் பதாகையைப் பிடித்தபடி நிற்கும் பிரமுகர்கள். பிறகு அச்சிட்ட துண்டறிக்கைகள் எத்தனை, நடத்திய கூட்டங்கள் எத்தனை, வந்து கையெழுத்திட்டவர்கள் எத்தனை பேர் என்று அட்டவணைகள். கடைசியில் அந்த வாக்கியம்: "மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை, மேலும் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்." பொதுச் சுகாதாரத்தில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் இதைத் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். நோயின் பெயரும் ஆண்டும்தான் மாறும். யாருடைய பழக்கம் மாறியது, எந்த நோய் குறைந்தது என்று ஒரு வரி கிடையாது.

எனக்கு எரிச்சல் தருவது இந்த அடிப்படை நினைப்புதான்: மக்கள் செய்யவில்லையென்றால் அவர்களுக்குத் தெரியவில்லை, சொல்லிவிட்டால் செய்துவிடுவார்கள். புகைப்பவருக்குப் புற்றுநோய் பற்றித் தெரியாதா? பெட்டியின் மேலேயே படம் போட்டிருக்கிறது. மருத்துவர்களிலேயே புகைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தத் துண்டறிக்கையைக் கொடுப்பது? சர்க்கரை நோயாளி மாத்திரையை விட்டுவிட்டார் என்றால் உடனே "அலட்சியம், அறியாமை" என்று எழுதிவிடுகிறோம். மருந்து கொடுக்கும் நேரமும் அவருடைய வேலை நேரமும் ஒன்றாக இருக்கிறதா, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க அவரால் முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. தெரியாமல் செய்யாதவர், தெரிந்தும் முடியாதவர், தெரிந்தும் முடிந்தும் விருப்பமில்லாதவர் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். மூவருக்கும் ஒரே துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டு, கடைசி இரண்டு பேரையும் திட்டுகிறோம்.

கை கழுவுதல் பற்றிய ஒரு திட்டத்தைப் பார்வையிட ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் எல்லாப் படிகளையும் பாட்டாகவே சொன்னார்கள். விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எதுவும் விடுபடவில்லை. குழாய்க்கு மேலே பளபளப்பான சுவரொட்டி. சோப்பு எங்கே என்று கேட்டேன். பிள்ளைகள் வீணாக்குகிறார்கள் என்று அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். நான் கேட்டதால் ஒரு புதுக் கட்டியை எடுத்து வந்து, உறையைக்கூடப் பிரிக்காமல் குழாயடியில் வைத்தார்கள். அந்தத் திட்டத்தின் அறிக்கையில் பயிற்சி முடிந்தபின் வைத்த தேர்வின் மதிப்பெண்கள் அபாரம். பொய்யில்லை, பிள்ளைகளுக்கு உண்மையாகவே எல்லாம் தெரிந்திருந்தது.

ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினின் கதையைப் பாருங்கள். குழந்தையின் மூளையோ முதுகுத்தண்டோ சரியாக உருவாகாத நரம்புக் குழாய்க் குறைபாடு, முன்பே ஒருமுறை அதைச் சந்தித்த பெண்களுக்கு மறுபடி நேராமல் அது ஏறக்குறைய 70 சதவீதம் தடுக்கிறது என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய ஆய்வு 1991-ல் காட்டியது. அடுத்த ஆண்டே, கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்கள் எல்லோரும் தினமும் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்கா அறிவுறுத்தியது. பிரசாரமும் நடந்தது. ஃபோலிக் அமிலத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட பெண்களின் விகிதம் ஏறியது. தினமும் எடுத்துக்கொண்டவர்கள் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நின்றார்கள். கருவின் நரம்புக் குழாய் முதல் 4 வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. கர்ப்பம் உறுதியான பிறகு ஓடிப்போய் மாத்திரை வாங்கிப் பயனில்லை. 1998 முதல் தானிய மாவிலேயே அதைச் சேர்ப்பது அங்கே கட்டாயமாயிற்று. குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளின் விகிதம் அதன் பிறகுதான் தெளிவாக இறங்கியது. யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மாநாட்டில் 1986-ல் வெளியான ஓட்டாவா சாசனம் சுகாதார மேம்பாட்டுக்கு ஐந்து வழிகளைச் சொல்கிறது: நலத்துக்கு ஏற்ற அரசுக் கொள்கை, உகந்த சூழல், சமூகத்தின் கூட்டுச் செயல், தனிமனிதத் திறன், நோய்த் தடுப்பின் பக்கம் மருத்துவச் சேவையின் திசைமாற்றம். பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். வேலைக்கு வந்த பின்பு நான்கை மறந்துவிட்டு, தனிமனிதருக்குப் புத்தி சொல்வதை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். அதற்குக் காரணமும் உண்டு: புத்தி சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கொள்கையைத் தொட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

வெறும் அறிவுரை வென்ற இடங்களும் இருக்கின்றன. கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்று 1991-ல் பிரிட்டனிலும் 1994-ல் அமெரிக்காவிலும் பிரசாரம் தொடங்கியது; சில ஆண்டுகளில் தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணங்கள் பாதி அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கின. செலவில்லை, புதுப் பொருள் வேண்டாம், நேரமும் வேண்டாம். குழந்தையைத் திருப்பிப் படுக்கவைத்தால் போதும். இப்படிப்பட்ட காரியத்துக்குத் துண்டறிக்கை தாராளமாகப் போதும்.

ஆனால் அதற்கு முன்பு நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாந்தியெடுத்தால் புரையேறும் என்று காரணம் காட்டி, குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னவர்கள் மருத்துவர்களும் குழந்தை வளர்ப்பு நூல்களும்தான். பல பத்தாண்டுகள் அப்படியே சொன்னார்கள். பெற்றோர் சொன்னபடி கேட்டார்கள். 1970-க்குள் வெளிவந்திருந்த ஆய்வுகளை அப்போதே முறையாகத் தொகுத்துப் பார்த்திருந்தால் ஆபத்து தெரிந்திருக்கும் என்றும், பிரிட்டனில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரணத்தைத் தவிர்த்திருக்கலாம் என்றும் 2005-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. "நல்லதைத்தானே சொல்கிறோம், இதற்கு எதற்கு ஆராய்ச்சி?" என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். அறிவுரையும் மருந்தைப் போல்தான். பக்கவிளைவு உண்டு, சோதிக்காமல் கொடுக்கக் கூடாது. போதைப்பொருளுக்கு எதிராக இளைஞர்களை நோக்கி அமெரிக்கா 1998 முதல் 2004 வரை நடத்திய விளம்பர இயக்கத்துக்கு ஏறக்குறைய 100 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. மதிப்பீடு செய்தவர்கள் பயன் எதையும் காணவில்லை. விளம்பரத்தை அதிகம் பார்த்தவர்களிடம் கஞ்சாவின் பக்கம் சாய்வு கூடியதற்குச் சில அறிகுறிகளையும் கண்டார்கள். எங்கும் இதே பேச்சு என்றால், எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் போலிருக்கிறது என்று பிள்ளைகள் நினைத்திருக்கலாம்.

முகாம் நடத்துகிறவர்களே, தயவுசெய்து கேளுங்கள். அழுகிய நுரையீரல் படத்தைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று சொல்லாமல் அனுப்பாதீர்கள். வழி தெரியாத பயம் மனிதரைக் கண்ணை மூடிக்கொள்ளத்தான் வைக்கும். நோய் கண்டறியும் முகாம் என்றால், கண்டறிந்தபின் யார் சிகிச்சை தருவார், எங்கே, எத்தனை நாளைக்குள் என்பதற்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நடத்த வேண்டாம். அதிகம் தேடினால் நல்லதுதானே என்ற நினைப்பும் ஆபத்தானது. தென்கொரியாவில் கழுத்து ஸ்கேன் பரவலானதும் 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கானது. அதனால் இறப்பவர்களின் விகிதமோ அசையவே இல்லை. தீங்கு செய்யாமலே கிடந்திருக்கக்கூடிய கட்டிகளுக்காகத் தேவையில்லாமல் கத்திக்குக் கழுத்தைக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்!

அறிக்கை எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முகாமன்று ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து, ஆலோசனை கொடுத்து, அடுத்த மாதம் மறுபடி அளந்து, "சராசரி குறைந்தது" என்று கொண்டாடாதீர்கள். ஆலோசனையே கொடுக்காமல் விட்டிருந்தாலும் கொஞ்சம் குறைந்துதான் இருக்கும். உச்சத்தில் பிடிபட்ட அளவு அடுத்த முறை இறங்குவது இயல்பு. அதனால்தான் திட்டம் நடக்காத, மற்றபடி ஒத்த ஒரு குழுவையும் அளக்கச் சொல்கிறோம். உங்களைச் சந்தேகப்பட்டு அல்ல. "கை கழுவினீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், சோப்பு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தொடங்கும் முன்பு, அந்தப் பழக்கம் இல்லாத ஒரு பத்துப் பேரிடம் போய், "ஏன் முடியவில்லை?" என்று கேளுங்கள். குறுக்கிடாமல் கேளுங்கள். பாதித் திட்டங்கள் அங்கேயே மாறிவிடும். முடிந்து ஆறு மாதம் கழித்து, சொல்லாமல் ஒருமுறை திரும்பிப் போய்ப் பாருங்கள். அந்தப் பயணத்துக்கான செலவைத் திட்ட மதிப்பீட்டில் முதலிலேயே எழுதிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.