கஷ்மீர் ஸ்வெட்டரை அடுப்படிக்குக் கொண்டு போகாதீர்கள்

ஜனவரியில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழ ஆரம்பித்ததும், என் சலவைக் கடைக்குச் சுருங்கிய ஸ்வெட்டர்கள் வர ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஒரே கதைதான். லண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கும் பிள்ளைகள் அம்மாவுக்கென்று அனுப்பிய, ஆட்டின் மென்மயிரில் பின்னிய கஷ்மீர் கார்டிகனாக இருக்கும். இல்லாவிட்டால் குளிர் உடுப்பு விற்கும் பேல் பஜாரில் குவியலைக் கிளறி, அதிர்ஷ்டத்தில் அகப்பட்ட ஒன்றாக இருக்கும். ஒரே ஒரு தடவை கழுவியிருப்பார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குத்தான் இனி அது அளவு. "அக்கா, இத பழையபடி இழுத்துத் தர முடியுங்களா?" என்று கேட்பார்கள்.

போன வருஷம் ஒரு தாயும் மகளுமாக வந்தார்கள். மகள் தோட்டப் பாடசாலையில் டீச்சர். தாய் முப்பது வருஷம் மலையில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தது சாம்பல் நிறக் கார்டிகன். தொட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. மெத்தென்று இருக்க வேண்டிய துணி, ஓரங்கள் விறைத்து, அட்டை மாதிரி நின்றது. "சுடுதண்ணியில ஊறப் போட்டு, நல்லா சவுக்காரம் போட்டுத்தான் கசக்குனேன் புள்ள" என்றார் அந்தத் தாய். பிறகு முறுக்கிப் பிழிந்திருக்கிறார். வெளியே மழை என்பதால் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப் போட்டிருக்கிறார். ஒவ்வொன்றும் அந்த உடுப்பின்மேல் இருந்த அக்கறையால் செய்த வேலை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தெரிந்த ஆட்டு மயிர் உடுப்பு கம்பளிதான். பொலித்தீன் வருவதற்கு முந்திய காலத்தில், மழைக்குக் கம்பளியைத் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொண்டுதான் கொழுந்தெடுத்தார்கள். அந்தக் கம்பளியை எங்கள் பாட்டி பீலிக்கரைக் கல்லில் அடித்துத் துவைத்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அடிக்க அடிக்க அது இறுகும். இறுக இறுக மழைத் தண்ணீர் உள்ளே இறங்கச் சுணங்கும். கம்பளிக்கு நன்மை செய்த அதே வேலைதான் கஷ்மீரை அழிக்கிறது.

ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். காரணம் தெரிந்தால் கழுவும் முறையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ஆட்டு மயிரின் மேற்பரப்பு வழுவழுப்பானதல்ல. நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கூரை ஓடு வேய்ந்ததுபோல் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். சின்ன வயதில் புல்லின் கதிர் ஒன்றைச் சட்டைக் கைக்குள் விட்டு விளையாடியிருப்பீர்கள். கையை ஆட்ட ஆட்ட அது மேலே மேலே ஏறுமே தவிரக் கீழே இறங்காது. கம்பளி இழையும் அப்படித்தான். நனைந்து, சூடேறி, இளகி இருக்கும்போது கசக்கினால் ஒவ்வொரு இழையும் ஒரே பக்கமாக நகரும். பக்கத்து இழையின் செதிலில் மாட்டிக்கொள்ளும். திரும்பி வர வழியில்லை. ஆயிரக்கணக்கான இழைகள் இப்படி நெருங்கி மாட்டிக்கொள்வதைத்தான் நாம் சுருங்கிப்போச்சு என்கிறோம்.

தண்ணீர் மட்டும் அதைச் செய்யாது. ஆடும் மழையில் நனையத்தானே செய்கிறது. தண்ணீரோடு அசைவு சேர வேண்டும். சூடும் சவர்க்காரத்தின் காரமும் அதை விரைவுபடுத்தும். இவற்றில் மோசமானது அசைவு. கசக்குவது, தேய்ப்பது, அடிப்பது, முறுக்குவது, மெஷினில் சுழல்வது எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

கஷ்மீரும் இப்படித்தான், அதன் இழை வேறு அவ்வளவு மெல்லியது. ஒரு இழையின் தடிப்பு 19 மைக்ரோனுக்குள் இருக்கும். நம் தலைமயிர் சாதாரணமாக 50 முதல் 100 மைக்ரோன் வரை. பெயர் காஷ்மீரிலிருந்து வந்தாலும், இன்று அதிகம் வருவது சீனாவின் உள் மங்கோலியாவிலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும்தான். லடாக்கில் 4,000 மீற்றருக்கும் மேலே இருக்கும் சாங்தாங் மேட்டுநிலத்து ஆடுகளும் பேர்போனவை. பனிக்காலத்துக்கென்று வெளிமயிருக்கு அடியில் வளரும் மென்மயிரை வசந்தத்தில் சீவி எடுப்பார்கள். முரட்டு மயிரைப் பிரித்துக் கழித்தால், ஒரு ஆட்டிடமிருந்து ஒரு வருஷத்தில் மிஞ்சுவது 150, 200 கிராம் அளவுதான். ஒரு ஸ்வெட்டருக்கு இரண்டு மூன்று ஆடுகளின் ஒரு வருஷத்து மயிர் போகிறது. விலை ஏன் அப்படி என்று இப்போது விளங்கும்.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸ் அளவுதான். விடியற்காலையில் குழாயைத் திறந்தால் விரல் விறைக்கும். அதனால் எதைக் கழுவினாலும் முதலில் கேத்திலைப் போடும் பழக்கம் எங்களுக்கு. வெயில் கிடைக்காததால் எதைக் காயவைத்தாலும் அடுப்பையோ ஹீட்டரையோ தேடும் பழக்கமும் உண்டு. கொழும்பில் இந்த இரண்டு ஆபத்தும் குறைவு. கஷ்மீரைப் போட வைக்கும் குளிரே, அதைக் கெடுக்கும் சூட்டுக்கும் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது.

உண்மையில் எங்கள் குழாய்த் தண்ணீர் கஷ்மீருக்கு வாய்ப்பான தண்ணீர். லேபலில் 30 பாகை என்று போட்டிருந்தால் அது மேல் எல்லை. அதற்குக் கீழே எவ்வளவு குளிர்ந்தாலும் உடுப்புக்குக் கேடில்லை. கை தாங்காவிட்டால் றப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் பச்சைத் தண்ணீரின் கடுப்பு போகுமளவுக்குக் கொஞ்சம் சுடுதண்ணீர் கலக்கலாம். குழந்தையைக் குளிப்பாட்டும் பதம் என்று சிலர் சொல்வார்கள், அது அளவுக்கு மிஞ்சிய சூடு. கையை விட்டால் இதமாக இருக்கிறது என்று தோன்றினாலே உடுப்புக்கு அது சூடு அதிகம். அலசும் தண்ணீரும் அதே பதத்தில் இருக்கட்டும்.

கழுவுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஸ்வெட்டரை உள்புறம் வெளியே திருப்பி, ஒரு பழைய படுக்கை விரிப்பின்மேல் பரப்பி, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மார்பு அகலம், நீளம், கை நீளம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டாலும் சரி. காயவைக்கும்போது அந்த அளவுக்குத்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். கண்மதிப்பில் செய்தால் ஒரு கை நீண்டுவிடும்.

பேசினில் ஐந்து லீற்றர் தண்ணீருக்குக் கம்பளிக்கான திரவச் சவர்க்காரம் இரண்டு தேக்கரண்டி போதும். அது கிடைக்காவிட்டால் சாதாரணத் தலைக்குப் போடும் ஷாம்பு நல்லது. கஷ்மீரும் மயிர்தானே. உடுப்புக் கழுவும் கட்டிச் சவர்க்காரம் வேண்டாம், அதன் காரம் இழையைத் தின்னும். சலவைத்தூளும் வேண்டாம். கறை போக்குவதற்கென்று பல தூள்களில் நொதியம் சேர்த்திருப்பார்கள். முட்டைக் கறையையும் இரத்தக் கறையையும் கரைக்கும் அதே நொதியத்துக்கு ஆட்டு மயிரும் புரதம்தான். குளோரின் வெளுப்பான் பக்கமே போகக் கூடாது.

முதலில் சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைத்துவிட்டு, பிறகு உடுப்பை அமுக்கி விடுங்கள். ஐந்து முதல் பத்து நிமிஷம். இடையிடையே உள்ளங்கையால் மெல்ல அமுக்கி எடுப்பது தவிர வேறொன்றும் செய்ய வேண்டாம். கழுத்துப்பட்டியில் அழுக்கிருந்தால் அங்கே இரண்டு சொட்டு சவர்க்காரம் விட்டு விரல் நுனியால் தட்டுங்கள், தேய்க்காதீர்கள். தண்ணீரை மாற்றும்போது உடுப்பை இரண்டு கையாலும் அடியில் ஏந்தி எடுக்க வேண்டும். நனைந்த கஷ்மீர் பலமிழந்து நிற்கும், கையைப் பிடித்துத் தூக்கினால் தண்ணீரின் பாரத்தில் முழங்கால்வரை நீளும். குழாயை நேரே அதன்மேல் திறந்துவிடுவதும் அடிப்பதற்குச் சமம்தான்.

அலசும்போது ஒன்றைக் கவனியுங்கள். நான் யாழ்ப்பாணத்தில் தங்கை வீட்டில் கழுவியபோது நுரையே வரவில்லை, அங்கே சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர். மலைத் தண்ணீர் மென்மையானது, கொஞ்சச் சவர்க்காரத்துக்கே நுரை பொங்கும், போகவும் சுணங்கும். அதனால் நாங்கள் மூன்று தரம், நான்கு தரம் அலச வேண்டும். கடைசித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டால் மிச்சமிருக்கும் காரமும் போகும். காய்ந்ததும் வாடை நிற்காது.

அலசிய பிறகு, காயவைக்கும் கட்டத்தில்தான் மலைநாட்டில் கஷ்மீர் அதிகம் கெடுகிறது.

பிழியாதீர்கள். தடித்த துவாய் ஒன்றை விரித்து, அதன்மேல் ஸ்வெட்டரைப் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல் துவாயோடு சேர்த்துச் சுருட்டுங்கள். சுருட்டியதன்மேல் முழங்கையை ஊன்றி அமுக்குங்கள். வேறொரு உலர்ந்த துவாயில் இன்னொரு தரம். எங்கள் ஈரத்துக்கு இரண்டாவது துவாய் கட்டாயம் தேவை. துவாய் உறிஞ்சும் ஒவ்வொரு சொட்டும் காயும் நேரத்தில் மணிக்கணக்கைக் குறைக்கும்.

பிறகு பரப்பிக் காயவைக்க வேண்டும், கொடியில் தொங்கவிடக் கூடாது. நான் செய்யும் முறை இது. லீக்ஸ், கரட் ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். அதன்மேல் பழைய நுளம்புவலையை நாலாக மடித்து இழுத்துக் கட்டுவேன். கிரேட்டின் ஓட்டைகளால் அடியிலிருந்தும் காற்று வரும். ஸ்வெட்டரை அதன்மேல் வைத்து, கோடு போட்ட அளவுக்கு விரலால் மெல்லத் தட்டித் தட்டி இழுத்து, பொத்தான் பட்டியை நேராக்கி விடுவேன். மே மாதம் தொடங்கி செப்டெம்பர்வரை தென்மேல் பருவமழைக் காலத்தில் இது காய இரண்டு நாளாகும், சிலவேளை மூன்று. அந்த மூன்று நாள்தான் எல்லோருக்கும் பொறுக்க முடியாத இடம். பொறுத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் மறுபக்கம் திருப்பிவிடுங்கள். நுவரெலியாவில் ஃபேன் வைத்திருக்கும் வீடு குறைவுதான், ஆனால் இதற்காகச் சின்னதொன்று வாங்கினாலும் நஷ்டமில்லை. காய்வதற்குச் சூட்டை விடக் காற்று முக்கியம். அடுப்புக்கு மேலே போட்டால் ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் ஈரமாக நிற்கும், விறகுப் புகையும் இழைக்குள் ஏறிவிடும். ஏறிய புகையைப் போக்கத் திரும்பக் கழுவ வேண்டிவரும்.

சூட்டில் காயவைத்தால் என்ன ஆகும் என்று நான் படித்தது என் கையால்தான். இருபத்திரண்டு வயதில் ஒரு ஹோட்டல் லாண்டரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. விருந்தாளி ஒருவரின் கஷ்மீர் ஸ்வெட்டர் துவாய்க் கட்டுக்குள் சுருண்டு கிடந்ததைப் பார்க்காமல், 60 பாகையில் மெஷினுக்குப் போட்டு, டிரையருக்கும் மாற்றிவிட்டேன். கதவைத் திறந்து துவாய்களை இழுத்தபோது நடுவில் கைக்குட்டை அளவில் இறுகிய ஒன்று விழுந்தது. முதலில் அது என்னவென்றே எனக்குத் தெரியவில்லை. கையைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் வயிற்றில் தீ பிடித்தது. விலையை நாலு மாதம் சம்பளத்தில் வெட்டினார்கள். அதைவிட, அந்த விருந்தாளி அம்மாவிடம் போய் நின்று சொன்ன அந்தப் பத்து நிமிஷம் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் கட்டையும் ஒவ்வொன்றாக உதறிப் பார்க்காமல் நான் மெஷினுக்குப் போட்டதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு தரம் போட்டதற்கும் கழுவத் தேவையில்லை. உள்ளே ஒரு பருத்திச் சட்டை போட்டால் நாலைந்து தரம் தாங்கும், இடையில் ஒரு நாள் காற்றாட விடுங்கள். அக்குளிலும் பக்கவாட்டிலும் சின்ன உருண்டைகள் திரள்வது போலிக்கு அடையாளமல்ல, நல்ல கஷ்மீரிலும் வரும். அதற்கென்ற சீப்பால் ஒரே பக்கமாகச் சீவினால் போகும், பிளேடால் வழிக்காதீர்கள். பஜாரில் பஷ்மினா, அதாவது கஷ்மீர் சால்வை, என்று சொல்லி விற்கும் சால்வைகள் பலதும் விஸ்கோஸ் அல்லது அக்ரிலிக். சந்தேகமென்றால் உள் தையலில் இரண்டு நூலை இழுத்து, சாமணத்தால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். மயிர் பொசுங்கும் வாடையோடு பொடியாகும் சாம்பல் வந்தால் ஆட்டு மயிர். உருகிக் கட்டியானால் அக்ரிலிக், அதற்கு இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை.

அலுமாரியில் ஹாங்கரில் தொங்கவிட்டால் தோள் நீளும், மடித்துத்தான் வைக்க வேண்டும். முழுக்கக் காயாமல் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டினால் எங்கள் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும், ஒரு பழைய பருத்தித் தலையணை உறை போதும். துணி அந்துப்பூச்சியின் புழு தேடி வருவது வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடத்தைத்தான், அதனால் கழுவாமல் அடுக்கவே கூடாது. பூச்சி உருண்டை போடுகிறவர்கள் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் போடாதீர்கள். அந்த நெப்தலீன் வாடை ஏறிய உடுப்பால் சில குழந்தைகளுக்கு இரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வந்துவிடும்.

சுருங்கியதைத் திரும்ப எடுக்க முடியுமா என்றால், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பின்னல் கண்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தால் நம்பிக்கை இருக்கிறது. குளிர் தண்ணீரில் தலைக்குப் போடும் கண்டிஷனர் இரண்டு மேசைக்கரண்டி கலக்கி அரை மணித்தியாலம் ஊறவைத்து, துவாயில் சுருட்டி எடுத்து, ஈரமாக இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக எல்லாப் பக்கமும் இழுத்து, துருப்பிடிக்காத ஊசி குத்திக் காயவையுங்கள். ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் மீளலாம். கண்களே தெரியாமல் துணிபோல் ஒட்டியிருந்தால் யாராலும் பிரிக்க முடியாது, அதற்குக் காசு கேட்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள்.

அந்தத் தாயின் கார்டிகன் இரண்டாவது வகை. அதை நான் மறைக்காமல் சொன்னேன். ஆனால் அப்படி இறுகியதில் ஒரு குணம் உண்டு: கத்தரியால் வெட்டினாலும் நூல் பிரியாது, ஓரம் மடித்துத் தைக்கவும் தேவையில்லை. முதுகுப் பக்கத்தில் வெட்டி, டீச்சரின் கைக்குழந்தைக்குக் காது மூடும் தொப்பி ஒன்று தைத்தோம். கார்டிகனின் இரண்டு கைகளும் மணிக்கட்டை மூடும் உறைகளாகி அந்தத் தாய்க்கே போயின. இந்த ஜனவரியில் தாயும் மகளும் வேறொரு கார்டிகனோடு வந்திருந்தார்கள். அது அதே அளவில் இருந்தது. பொத்தானொன்று தைக்க வேண்டும் என்று கொண்டு வந்திருந்தார்கள்.