ரெண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினால் சரியாகிவிடுமா?

சேலத்தில் குடும்ப ஆலோசகராக இருப்பதால் எனக்கு அடிக்கடி வரும் கோரிக்கை இதுதான்: "ரெண்டு பேரையும் ஒண்ணா உட்கார வச்சு ஒரு வார்த்தை சொல்லி விடுங்க மேடம்." கேட்பது பெண்ணின் அம்மாவோ அண்ணனோ, நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் வீட்டில் அடி இருக்கிறது என்று தெரிந்தால் நான் ஒத்துக்கொள்வதில்லை. கணவர் பக்கத்தில் இருக்கும்போது அவள் உண்மையைச் சொன்னால், திரும்பிப் போகும் பஸ்ஸிலேயே அதற்குப் பதில் கிடைக்கும். சொல்லாவிட்டால் "பாருங்க, அவளே ஒண்ணுமில்லேங்கறா" என்று கதை முடிந்துவிடும்.

அடிக்கு முன்பே அந்த வீட்டில் அதிகாரம் யாரிடம் என்பது முடிவாகியிருக்கும். விசைத்தறிக்குப் போகும் தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் தறி ஓட்டுகிறார்கள், முன்பணம் அவர் பெயரில் வாங்கியது, வாரக் கூலி மொத்தமும் அவர் கைக்குத்தான் போகிறது, தன் உழைப்பு எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது. மகளிர் குழுக் கடன் மட்டும் அவள் பெயரில். செலவழித்தது அவர், தவணை தவறினால் குழுவில் தலைகுனிந்து நிற்பது இவள். ஏடிஎம் கார்டு, ஆதார் அவரிடம். ராத்திரி போனை வாங்கிப் பார்ப்பார். ஏற்காடு மலையில் எஸ்டேட் லைன் வீடு, அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடென்றால் கடைசி பஸ் போனபின் கீழே இறங்கவும் வழியில்லை. இவ்வளவும் இருக்கிற இடத்தில் எப்போதாவது ஒருமுறை கை ஓங்கினாலே போதும், மற்ற நாளெல்லாம் பயமே வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

"அப்போ விட்டுட்டு வர வேண்டியதுதானே?" சுலபமாகக் கேட்டுவிடுகிறோம். பிடி நழுவுகிறது என்று தெரிந்ததும் வன்முறை கூடுவதுண்டு, கிளம்பும் நேரம்தான் பல பெண்களுக்கு ஆபத்தான நேரம்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பணத்தைப் பிடுங்குவதையும், செலவுக்குக் கொடுக்காமல் இருப்பதையும், வார்த்தையால் அவமானப்படுத்துவதையும் வன்முறை என்றே சொல்கிறது. சேர்ந்து வாழ்ந்த வீடு அவள் பெயரில் இல்லாவிட்டாலும் அங்கே இருக்க அவளுக்கு உரிமை உண்டு. கோர்ட் போடும் பாதுகாப்பு உத்தரவை அவர் மீறினால் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. மகளிர் உதவி எண் 181, எந்த நேரமும் அழைக்கலாம்.

அதனால் அம்மா, அண்ணன்மாரே, பஞ்சாயத்துக்கு முன்னால் அவளைத் தனியாகப் பாருங்கள். போனில் எதையும் எழுதி அனுப்பாதீர்கள். எப்போது கூப்பிட்டால் பேச முடியும் என்று அவளிடமே கேளுங்கள். அப்புறம், ஆதார், பேங்க் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து உங்கள் வீட்டில் வைத்திருங்கள்.