விகாரத்தை இனங்காண: எழுத்தோடு இடத்தையும் பாருங்கள்

ஹட்டனில் உயர்தர உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு டி.என்.ஏ. வரிசைகளைத் தந்தால், நடந்திருப்பது எந்த வகை விகாரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

டி.என்.ஏ. இரட்டிக்கும்போது பொலிமரேஸ் நொதியம் ஏறத்தாழ லட்சம் எழுத்துக்கு ஒன்றைப் பிழையாகக் கோர்க்கிறது. அநேகமானவற்றை அதுவே வெட்டித் திருத்திவிடும். மிச்சத்தைத் திருத்த வேறு நொதியங்கள் உண்டு. அவற்றுக்கும் தப்பிய பிழை, அடுத்த இரட்டிப்பில் பிறக்கும் ஒரு மூலக்கூறின் இரண்டு இழைகளிலும் நிலைத்துவிடும். அதுவே விகாரம்.

வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி முதலில் நீளத்தை எண்ணுங்கள். நீளம் சமமென்றால் பெரும்பாலும் பிரதியீடு, அதாவது ஓர் எழுத்துக்குப் பதில் இன்னொன்று. இரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ள பீட்டா குளோபின் புரதத்துக்கான பரம்பரையலகில் 6ஆவது கோடோன் (பொதுவாக ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதி) ஜி-ஏ-ஜி. அது ஜி-ஏ-ஏ ஆனாலும் அதே குளுட்டமிக் அமிலம்தான், எனவே மௌன விகாரம். ஜி-டி-ஜி ஆனால் வலீன் வந்து அரிவாள் கல நோய்க்கு வழியாகும். 39ஆவது கோடோன் சி-ஏ-ஜி, டி-ஏ-ஜி என்னும் நிறுத்தற் குறியாகிவிட்டால் புரதம் அங்கேயே நின்றுவிடும். நீளம் மாறியிருந்தால், கூடிய அல்லது குறைந்த எழுத்துகளை மூன்றால் வகுங்கள். 41, 42ஆவது கோடோன்களில் நான்கு எழுத்துகள் விடுபடும் விகாரம் ஒன்றுண்டு. நான்கு மூன்றால் வகுபடாது. அதற்குப் பிந்திய கோடோன்கள் அத்தனையும் பிறழும்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இலங்கையில் பீட்டா தலசீமியாவை (பீட்டா குளோபின் போதாமல் வரும் பரம்பரை இரத்தச்சோகை) உண்டாக்கும் மிகப் பொதுவான விகாரம் எந்தக் கோடோனிலும் இல்லை! கோடோன்கள் உள்ள பகுதிகள் எக்சோன்கள், அவற்றுக்கு இடைப்பட்டவை இன்ட்ரோன்கள். முதலாவது இன்ட்ரோனின் 5ஆவது எழுத்தான ஜி, சி ஆகியிருக்கிறது; அவ்வளவுதான். இன்ட்ரோன் எப்படியும் பரம்பரையலகின் ஆர்.என்.ஏ. பிரதியிலிருந்து வெட்டி அகற்றப்படும் பகுதி, பிறகு ஏன் நோய்? வெட்டும் இடத்தைக் குறிப்பது யு1 என்னும் சிறிய ஆர்.என்.ஏ. இன்ட்ரோனின் தொடக்க எழுத்துகளோடு இணைசேர்ந்துதான் அது இடத்தை அறிகிறது. 5ஆவது எழுத்து மாறினால் அந்தப் பிடி தளர்கிறது. உடனே, வழமையில் யாரும் தொடாத மூன்று போலி வெட்டிடங்கள் விழித்துக்கொள்கின்றன: இரண்டு முதலாவது எக்சோனுக்குள், ஒன்று இன்ட்ரோனுக்குள். பெரும்பாலான ஆர்.என்.ஏ. பிரதிகள் அங்கே பிழையாக வெட்டுப்படுகிறது, கொஞ்சம் மட்டும் சரியாக வருகிறது. இதே இன்ட்ரோனின் 1ஆவது எழுத்தான ஜி, ஏ ஆனால் அந்தக் கொஞ்சமும் கிடையாது, ஏனெனில் அந்த எழுத்தில்லாமல் சரியான வெட்டே நடக்காது. இடைவெளி நான்கே எழுத்துகள், விளைவில் இவ்வளவு வித்தியாசம்.

மலையகத்தில் கல்யாணப் பேச்சு எடுத்ததும் ஜாதகம் கைமாறுகிறது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் முடிக்கும்போது ஒரே விகாரம் இருவரிடமும் இருக்கும் வாய்ப்புக் கூடும். இருவரும் காவிகளானால் (தமக்கு நோயில்லாமல் ஒரு பிரதியில் மட்டும் விகாரத்தைச் சுமப்பவர்கள்) ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குத் தலசீமியா வர 25 சதவீத வாய்ப்பு. எந்தப் பொருத்தமும் இதைச் சொல்லாது. எப்.பி.சி. என்னும் முழு இரத்தக் கல எண்ணிக்கைப் பரிசோதனையில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 80க்கும் எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவிலுள்ள சராசரி ஹீமோகுளோபின்) 27க்கும் குறைந்தால் எச்.பி.ஏ.2 என்னும் ஹீமோகுளோபின் வகையின் அளவையும் கேளுங்கள். அது 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் காவி. இரும்புச்சத்துக் குறைவிலும் முதல் இரண்டும் இறங்கும், அது எச்.பி.ஏ.2 அளவையும் சற்றுக் குறைத்துக் காட்டக்கூடும். அதனால் இரும்புக் குறைவைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்ப்பதே நல்லது.