மெஷினுக்கு முன்னால் மரத்தை மீட்க வேண்டும்

பென்னாகரம் பக்கம் ஒரு சிற்றூர். ஊரின் வருமானத்தைப் பெருக்கத் திட்டம் எழுதிக் கொடுக்கப் போயிருந்தேன். மாரியம்மன் கோயில் திண்ணையில் கூட்டம். மானியத்தில் புளிக்குக் கொட்டை எடுக்கும் மெஷின் வாங்கலாம், மகளிர் குழுவே பாக்கெட் போட்டு விற்கலாம் என்று நான் பேசி முடித்ததும் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கேட்டார்: "மெஷினு வரட்டும் சார். மரம் எங்க கையில இருந்தாத்தானே புளி?"

எனக்குப் புரியவில்லை. மரங்கள் அவர்கள் வரப்பிலும் கொல்லையிலும்தான் நின்றன. விசாரித்தபோதுதான் தெரிந்தது, கார்த்திகையிலேயே பாதி வீடுகள் மரத்தைக் குத்தகைக்கு விட்டு முன்பணம் வாங்கியிருந்தன. காய் பிடித்திருப்பதைப் பார்த்து மரத்துக்கு இவ்வளவு என்று பேச்சு முடிந்துவிடும். மாசியில் உலுக்க வருவது வியாபாரியின் ஆட்கள். அதற்குப் பிறகு நடப்பதுதான் வேடிக்கை. மரத்துக்குச் சொந்தக்காரப் பெண்ணே அந்தப் புளியை ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கிலோ கணக்கில் கூலி வாங்குகிறார்.

வியாபாரியைத் திட்டிப் பயனில்லை. காய் உதிர்ந்தால் நட்டம் அவருக்குத்தான். தவிர, பணம் தேவைப்படும் கார்த்திகையில் ரொக்கத்தோடு ஊருக்குள் வருகிற ஒரே ஆள் அவர். அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை என்பதுதான் சிக்கல்.

புளியின் கணக்கு எளிது. ஓட்டோடு 100 கிலோ எடுத்தால் சுமார் 55 கிலோ சதை, 34 கிலோ கொட்டை, மீதி ஓடும் நாரும். கொட்டையும் வீணில்லை, அதன் மாவு நூலுக்குக் கஞ்சி போடப் போகிறது. நல்ல வெயிலில் காயவைத்துக் காற்றுப் படாமல் கட்டி வைத்தால் புளி மாதக்கணக்கில் இருக்கும். வெப்பமும் ஈரமும் பட்டால்தான் கறுத்து விலை இறங்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களையும் பாருங்கள். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி விலை விழுந்த நாளில் விவசாயியால் இரண்டு நாள் பொறுக்க முடியாது. சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார். கிருஷ்ணகிரியின் பெங்களூரா ரக மாங்காய் மாங்கூழ் ஆலையை நம்பி நிற்கிறது. காய் முற்றிவிட்டால் ஆலை சொல்வதுதான் விலை. புளியும் கேழ்வரகும் சாமையும் அப்படியல்ல, அவை காத்திருக்கும் சரக்கு. காத்திருக்க முடியாதவர் விற்பவர்தான். அதனால் நலிந்த ஊருக்குத் திட்டம் போடும்போது, 'இங்கே என்ன விளைகிறது' என்பதோடு 'இவர்களால் எத்தனை நாள் விற்காமல் இருக்க முடியும்' என்றும் கேட்க ஆரம்பித்திருக்கிறேன்.

இது எனக்குச் சீக்கிரம் வந்த புத்தி இல்லை. முன்பு இன்னொரு ஊரில் தையல் பயிற்சிக்குத் திட்டம் எழுதினேன். பயிற்சி நடந்தது, சான்றிதழும் கொடுத்தோம், போட்டோ எடுத்தோம். ஒரு வருஷம் கழித்துப் போனால் மெஷின்கள் தார்ப்பாய்க்குள் தூங்கின. தைத்ததை யார் வாங்குவார் என்று நான் எழுதவே இல்லை. சந்தையில் ரெடிமேட் ஜாக்கெட் அதைவிட மலிவு.

வாங்குபவர் உறுதியாக இருந்தால் என்ன மாறும் என்பதற்குக் கேழ்வரகு உதாரணம். 2022-23 பருவத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அரசு நேரடிக் கொள்முதலைத் தொடங்கியது. அந்தப் பருவத்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,578 ரூபாய். 2023-ல் தருமபுரி ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். விளைகிற இடத்திலேயே சாப்பிடவும் ஆள் இருக்கிறது. ஆனால் கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல் கேட்பார்கள், அதாவது நிலம் யாருடையது, அதில் என்ன பயிர் என்பதற்கான பதிவுகள். அடுத்தவர் நிலத்தை விளைச்சலில் பங்கு தருவதாக வாய்ப்பேச்சில் வாரத்துக்கு எடுத்து உழுபவரிடம் அது இருக்காது. இன்னொன்று, களம் இல்லாததால் கதிரைத் தார்ச்சாலையில் பரப்பி வண்டி ஏற விட்டுத் தானியம் பிரிக்கிறோம். கல் கலந்தால் தரம் பார்க்கும் இடத்தில் தள்ளிவிடுவார்கள். பெரிய தொழிற்சாலை கேட்பதைவிட ஓர் உலர்களம் கேட்பது புத்திசாலித்தனம் என்பேன்.

விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஆரம்பிக்கலாமே என்பார்கள். பத்து விவசாயிகள் சேர்ந்தால் பதிவு செய்துவிடலாம், சரி. வருஷா வருஷம் தணிக்கை, கணக்குத் தாக்கல், சம்பளம்? மானியத்துக்காகப் பிறந்து போர்டு மட்டும் மிஞ்சிய சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பருவம் குழுவாக விற்றுப் பழகிய பிறகு பதிவுக்குப் போவது நல்லது.

கூட்டத்தை எப்போது போடுவது என்பதும் முக்கியம். உழைக்கும் வயதினர் பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் இருக்கும் நாளில் கூட்டினால் கையெழுத்துதான் கிடைக்கும். பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ அவர்கள் வரும்போது உட்கார வைத்தால் பேச்சே வேறு. பெங்களூரில் கேன்டீனில் வேலை பார்க்கும் ஒரு பையன், எந்த மாதிரி புளியைக் கேட்பார்கள், எந்தப் புளியைத் திருப்பி அனுப்புவார்கள் என்று விரல் விட்டுச் சொன்னான். என் அறிக்கையில் அப்படி ஒரு பக்கம் இருந்ததில்லை.

பாட்டியின் ஊரில் திட்டத்தைத் திருப்பி எழுதினோம். மெஷின் கடைசிப் பக்கத்துக்குப் போனது. முதல் வரி, கார்த்திகையில் முன்பணம் வாங்காமல் இருக்க எந்த வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்ற பட்டியல். அதைக் குழுக் கடனாகக் கொடுத்து, புளி விற்றதும் திருப்பி வாங்குவது. இரண்டாவது வரி களம்: எந்தச் சர்வே எண்ணில் புறம்போக்கு இருக்கிறது, யார் பராமரிப்பது. "வேலைவாய்ப்பு வேண்டும்" என்று மட்டும் தீர்மானம் போட்டால் அதை எந்த அலுவலகமும் எந்தத் தலைப்பிலும் சேர்க்காது. இடமும் ஆளும் சொல்லியிருந்தால் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏற்றலாம்.

தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. புளி மரம் உள்ள ஊர்க்காரர்கள் இதை அக்டோபர் 2 அன்றே பேசிவிடுங்கள், தவறினால் நவம்பர் 1. ஜனவரி 26 வரை விட்டால் அந்த வருஷத்துப் புளி வேறொருவருடையதாகியிருக்கும்.