எடை குறைப்பு ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் பணம் எப்போது கிடைக்கும்?

இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் என்றாலே, "அதெல்லாம் அழகுக்குச் செய்வது, இன்ஷூரன்ஸில் வராது" என்று கையை விரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பழைய கதை. காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ, மருத்துவக் காப்பீட்டில் எதை விலக்கலாம், எந்த வாசகத்தில் விலக்கலாம் என்று 2019 செப்டம்பரில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வரையறுத்தது. அந்தப் பட்டியலில் உடல்பருமன் 06ஆம் எண்ணில் இருக்கிறது. "விலக்குகள்" என்ற தலைப்பின் கீழ் இருப்பதால் பலரும் அதைப் படிக்காமலே நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பத்தி சொல்வது, கீழ்க்கண்ட நிபந்தனைகள் பொருந்தாத ஆபரேஷனுக்குத்தான் பணம் கிடையாது என்று. பொருந்தினால், பருமனுக்கான சிகிச்சை என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்க முடியாது.

நிபந்தனைகள் இவை. ஆபரேஷனை டாக்டர் பரிந்துரைத்திருக்க வேண்டும். அது ஏற்கப்பட்ட மருத்துவ நெறிமுறைப்படி நடக்க வேண்டும். நோயாளிக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அடுத்தது பிஎம்ஐ, அதாவது கிலோ கணக்கில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண். அது 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். 35 முதல் 40க்குள் இருந்தால் கூடவே ஒரு தீவிர நோயும் இருக்க வேண்டும், ஆபரேஷன் இல்லாத வழிகளில் எடையைக் குறைக்க முயன்று பலிக்காமலும் போயிருக்க வேண்டும். அந்த நோய்கள் நான்குதான்: பருமனால் வந்த இதயத்தசை பாதிப்பு, இதய ரத்தக்குழாய் நோய், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தீவிரக் கோளாறு, கட்டுக்குள் வராத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்.

பட்டியலில் எது இல்லை என்பதையும் பாருங்கள். மூட்டுவலி இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, கொழுப்புக் கல்லீரல் இல்லை, பிசிஓடி எனும் சினைப்பைக் கோளாறு இல்லை. நடைமுறையில் பலர் ஆபரேஷன் பற்றி யோசிக்கத் தொடங்குவதே இந்தத் தொல்லைகளால்தான்.

உயரம் 165 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிஎம்ஐ 40 என்றால் எடை சுமார் 109 கிலோ. 35 என்றால் சுமார் 95 கிலோ. இந்த 40, 35 கணக்கு 1991இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு சொன்ன அளவுகோலையே ஒத்திருக்கிறது. மருத்துவம் அதற்கப்புறம் நகர்ந்துவிட்டது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வருவதால், 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு 27.5க்கு மேலேயே இந்த ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்கிறது. ஆகவே "உங்களுக்கு ஆபரேஷன் அவசியம்" என்று டாக்டர் சொல்வதும், "இது எங்கள் விதிக்குள் வராது" என்று கம்பெனி சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். என்னைக் கேட்டால் விதி திருத்தப்பட வேண்டும். அதுவரை இருப்பதை வைத்துத்தான் பேச முடியும்.

ஆபரேஷன் பற்றியும் கொஞ்சம். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் போல ஆக்குகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதி போய்விடுவதால் பசியே குறைகிறது. பைபாஸில் இரைப்பையின் மேல் பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, நேராகச் சிறுகுடலில் இணைக்கிறார்கள். சர்க்கரை கட்டுக்கடங்காதவர்களுக்கு இது பெரும்பாலும் நன்றாகப் பலன் தருகிறது. இரண்டும் வயிற்றைத் திறக்காமல், சிறு துளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பி மூலம் செய்யப்படுபவை; ஆனாலும் பெரிய ஆபரேஷன்கள்தான். தையல் இடத்தில் கசிவு, ரத்தக்கட்டு போன்ற ஆபத்துகள் உண்டு. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றைக் காலம் முழுக்கக் கவனிக்க வேண்டும். இடுப்பில் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்ஷன் வேறு சங்கதி. அது அழகு சிகிச்சைக் கணக்கில் போய்விடும்.

க்ளெய்ம் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் ஃபைலில்தான். "தீவிர", "கட்டுக்குள் வராத" என்ற சொற்களைச் சுற்றித்தான் தகராறு வரும். "உடல்பருமன், ஆபரேஷன் தேவை" என்று ஒரே வரி எழுதிய சீட்டு உதவாது. "உயரம் 165, எடை 101, பிஎம்ஐ 37, இரண்டு மாத்திரையும் இன்சுலினும் எடுத்தும் மூன்று மாதச் சர்க்கரை அளவு 9.2, உணவுக்கட்டுப்பாட்டில் குறைந்த எடை மீண்டும் ஏறிவிட்டது" என்று எழுதித் தரக் கேளுங்கள். மூச்சுக் கோளாறு என்றால் தூக்கப் பரிசோதனை அறிக்கை, இதயம் என்றால் எக்கோ. டயட்டீஷியனைப் பார்த்த சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், முயன்று பலிக்கவில்லை என்பதற்கு அவைதான் ஆதாரம். முதல் தடவை டாக்டரிடம் போகும்போதே எடையையும் உயரத்தையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். கல்லீரலைச் சுருக்க ஆபரேஷனுக்கு முன் திரவ உணவில் வைப்பது வழக்கம். அதில் சில கிலோ குறைந்து எல்லைக்கோட்டுக்குக் கீழே போனால் வீண் விவாதம்.

நிபந்தனை பொருந்தினாலும் காத்திருப்புக் காலம் தனி. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அது அதிகபட்சம் 36 மாதம். பல பாலிசிகள் இந்த ஆபரேஷனுக்கென்றே தனிக் காத்திருப்பும் உச்சவரம்பும் வைத்திருக்கின்றன, அதைக் கேட்காமல் தேதி குறிக்க வேண்டாம். ஆபீஸ் குரூப் பாலிசி என்றால் ஒப்பந்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எச்ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள். பாலிசி எடுக்கும்போது படிவத்தில் எடையை இருபது கிலோ குறைத்துப் போட்டவர்களுக்கு க்ளெய்ம் நேரத்தில்தான் சிக்கல் வரும், உண்மையை மறைத்தீர்கள் என்று கம்பெனி சொல்லலாம்.

வைட்டமின் மாத்திரைகளை டாக்டர் சிகிச்சையின் பகுதியாக எழுதிக் கொடுத்தால், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்கான காலம் முடியும்வரை கேட்டுப் பார்க்கலாம். எடை இறங்கிய பிறகு தொங்கும் தோலை அகற்றும் சிகிச்சைக்குப் பொதுவாகக் கிடைக்காது.

மறுத்தால், பாலிசியின் எந்தப் பிரிவின்படி என்று கம்பெனி எழுத்தில் சொல்ல வேண்டும். முதலில் அவர்களுடைய குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்) போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்கிறார்கள். அவர் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னால் கம்பெனி 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும்.