நான்கு ஃபிளாட் இருந்தால் ஏ ஃபிளாட் மேஜர்தானா? ஃபங்க் பேஸ் வாசிப்பவர்கள் கவனத்திற்கு

பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ள வரும் மாணவர்களில் பலர், ஒரு பாடலைப் பயிற்சிக்கு எடுத்தவுடன், அதன் ‘கீ’ (பாடலின் ஆதாரச் சுரமும் அதற்குரிய சுரத்தொகுதியும்) என்ன என்று கைப்பேசியில் உள்ள ஏதேனும் ஒரு செயலியிடம் கேட்டுவிட்டுத்தான் கருவியைத் தொடுகிறார்கள். அமெரிக்கக் கறுப்பின இசைஞர்கள் வளர்த்த, தாளத்தை முன்னிறுத்தும் ஃபங்க் இசையைப் பொறுத்தவரை அந்தச் செயலி சொல்வது பெரும்பாலும் பாதி உண்மை. ஒரே தவற்றைப் பல வகுப்புகளில் திருத்த வேண்டியிருந்ததால் அதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு மாணவர் இரண்டு பாடல்களுக்கான தாளைக் கொண்டுவந்தார். ஒன்று, 1970இல் ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் வெளியிட்ட, பூட்ஸி காலின்ஸ் பேஸ் வாசித்த ‘செக்ஸ் மெஷின்’. மற்றொன்று, 1973இல் ஜாஸ் கீபோர்டு கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் ‘ஹெட் ஹண்டர்ஸ்’ தொகுப்பில் வந்த ‘கமீலியன்’. இரண்டின் தலைப்பிலும் நான்கு ஃபிளாட் குறிகள், அதாவது சுரத்தை அரைச்சுரம் இறக்கும் குறிகள்; ஏ ஃபிளாட் மேஜருக்கு எழுதுவதும் இதே நான்கைத்தான். இரண்டின் மேலும் பென்சிலால் ‘ஏ ஃபிளாட் மேஜர்’ என்று எழுதியிருந்தார். அதை நம்பி, இரண்டு பாடல்களுக்கும் ஏ ஃபிளாட் மேஜர் ஸ்கேலையே மேலும் கீழுமாக உருட்டி, ஒவ்வொரு ஃபில்லையும் (இடைவெளியை நிரப்பும் சிறு தொடரையும்) ஏ ஃபிளாட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். சுரம் ஒன்றுகூடத் தப்பவில்லை, ஆனால் எந்தப் பாடலும் அதன் இடத்தில் உட்காரவில்லை.

காரணம் எளிது. முதல் பாடலின் ஆதாரம் ஈ ஃபிளாட், நம் வழக்கில் இரண்டரைக் கட்டை. இரண்டாவதன் ஆதாரம் பி ஃபிளாட், அதாவது ஆறரைக் கட்டை. ஈ ஃபிளாட் மிக்ஸோலிடியன், பி ஃபிளாட் டோரியன், ஏ ஃபிளாட் மேஜர் ஆகிய மூன்றுக்கும் சுரங்கள் அதே ஏழுதான். இப்படி ஆதாரம் மாறுவதால் பிறக்கும் வரிசைகளைத்தான் ‘மோடு’ என்கிறார்கள். கிரகபேதம் அறிந்தவருக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை: சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்தால் கரகரப்பிரியாவின் சுரங்கள் கிடைக்கின்றன, அதுவே டோரியன், பஞ்சமத்தை ஷட்ஜமாக வைத்தால் ஹரிகாம்போதியின் சுரங்கள் கிடைக்கின்றன, அதுவே மிக்ஸோலிடியன். கரகரப்பிரியா பாடுகிறவரிடம் சென்று, ‘நீங்கள் பாடுவது சங்கராபரணம்தான், கொஞ்சம் தள்ளி ஆரம்பிக்கிறீர்கள்’ என்று சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். செயலி அதைத்தான் செய்கிறது. (கமகமோ ராக லட்சணமோ இந்த ஒப்பீட்டில் இல்லை, சுரத்தானங்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.)

சரி, ஆதாரம் எது என்பதை ஃபங்க் இசையில் எப்படிக் கண்டுபிடிப்பது? மேஜர் கீயில் அமைந்த வழக்கமான மேற்கத்தியப் பாடலில் ஷட்ஜத்திற்கு அரைச்சுரம் கீழே உள்ள காகலி நிஷாதம் ஷட்ஜத்தை நோக்கி இழுக்கும். ஐந்தாம் சுரத்தின் மேல் அமைந்த கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டு) முதல் சுரத்தின் கார்டில் வந்து முடியும். வீடு எங்கே இருக்கிறது என்பதைக் கார்டுகளின் ஓட்டமே சொல்லிவிடும். செவ்வியல் ஃபங்க் பாடல்களில் பெரும்பாலும் அந்த இழுப்பு கிடையாது. ஈ ஃபிளாட் மிக்ஸோலிடியனில் இருப்பது டி அல்ல, டி ஃபிளாட், அதாவது கைசிகி நிஷாதம். கார்டும் பல நிமிடங்களுக்கு ஒன்றே ஒன்றாக நிற்கும். அத்தகைய இடத்தில் வீட்டைக் காட்டுகிற பொறுப்பு முழுவதும் பேஸ் வாசிப்பவரின் மேல் விழுகிறது. அவர் சுற்றுதோறும் முதல் அடியில் எந்தச் சுரத்தை ஊன்றுகிறாரோ அதுவே ஷட்ஜம். ஜேம்ஸ் பிரவுன் தம் இசைக்குழுவினரிடம் ‘தி ஒன்’ என்று வலியுறுத்தியது இந்த முதல் அடியைத்தான். பதினெட்டு வயதில் அவரிடம் சேர்ந்த பூட்ஸி, அங்கே கற்ற பாடமாக இதைத்தான் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதல் அடியை ஊன்றிவிட்டால் மீதி அடிகளில் எவ்வளவு வேண்டுமானாலும் அலையலாம் என்பது அதன் மறுபக்கம். அதை மட்டும் நம் இளைஞர்கள் உடனே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

ஒரே கார்டில் நின்று மோடை விரிக்கும் இந்தப் பழக்கத்தின் ஒரு வேர் ஜாஸில் இருக்கிறது. ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் பதிவு செய்த ‘ஸோ வாட்’, முதல் 16 அளவுகள் (‘பார்’ எனப்படும் தாளச் சுற்றுகள்) டி டோரியனிலும், அடுத்த 8 அளவுகள் அரைச்சுரம் ஏறி ஈ ஃபிளாட் டோரியனிலும், கடைசி 8 அளவுகள் மீண்டும் டி டோரியனிலுமாக நகர்வது. 1967இல் வந்த ஜேம்ஸ் பிரவுனின் ‘கோல்டு ஸ்வெட்’ பாடலுக்கு ஹார்ன் பகுதியை அமைத்த பீ வீ எல்லிஸ், தமக்கு அந்த டேவிஸ் இசையே தூண்டுதலாக இருந்தது என்று கூறியிருக்கிறார். ஆகவே டோரியன், மிக்ஸோலிடியன் என்ற பெயர்கள் பிற்கால ஆசிரியர்கள் ஃபங்க் மேல் ஒட்டிய சீட்டுகள் மட்டுமே என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. அந்தக் குழுக்களில் மோடுகளை நன்கு அறிந்தவர்கள் இருந்தார்கள்.

இனி காந்தாரத்திற்கு வருவோம். வாசிப்பவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். ‘செக்ஸ் மெஷின்’ பாடலின் வீட்டில் கிட்டார் வாசிப்பது ஈ ஃபிளாட் ஒன்பதாம் கார்டு. அதில் ஜி, அதாவது அந்தர காந்தாரம் இருக்கிறது. பிரவுன் குரல் கொடுத்ததும் குழு பாலத்திற்கு (‘பிரிட்ஜ்’ எனப்படும் இடைப்பகுதிக்கு) நகர்ந்து ஏ ஃபிளாட் ஒன்பதாம் கார்டைப் பிடிக்கிறது. அதில் இருப்பது ஜி ஃபிளாட். ஈ ஃபிளாட்டை ஷட்ஜமாகக் கேட்டுப் பழகிய காதுக்கு அது சாதாரண காந்தாரம், அதாவது அந்தரத்திற்கு அரைச்சுரம் கீழே உள்ள காந்தாரம். எனவே ‘ஈ ஃபிளாட் மிக்ஸோலிடியன்’ என்று எழுதி வைத்துக்கொண்டு பாலத்திலும் ஜியையே வாசிப்பவர், கிட்டாரின் ஜி ஃபிளாட்டோடு அரைச்சுர இடைவெளியில் மோதுவார். முன்பு சொன்ன மாணவர் வீட்டுப் பகுதியிலேயே ஏ ஃபிளாட்டில் போய் நின்றதன் விளைவும் இப்போது புரியும்: பாலம் வந்துவிட்டதோ என்று டிரம்மர் நிமிர்ந்து பார்ப்பார்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. ப்ளூஸ் இசையின் பிள்ளையாகிய ஃபங்க், இரண்டு காந்தாரங்களையும் ஒரே சொற்றொடரில் வைத்துக்கொள்ளத் தயங்குவதில்லை; கார்டில் அந்தர காந்தாரம் ஒலித்துக்கொண்டிருக்க, பாடகர் சாதாரண காந்தாரத்தில் அழுத்துவார், பேஸ் வாசிப்பவர் சாதாரணத்தைத் தொட்டு அந்தரத்திற்கு வழுக்கி ஏறுவார். ஹரிகாம்போதியில் இதற்கு இடமில்லை. இங்கே இதுதான் சுவை. ஆனால் ஏறுவதற்கும் தங்குவதற்கும் வேறுபாடு இருக்கிறது. சாதாரண காந்தாரத்தைக் குறுகிய சுரமாகக் கடந்தால் நிறம். அதில் ஒரு முழு அடி தங்கினால் குழு மைனருக்கு மாறிவிட்டதாகக் கேட்கும். பழைய பதிவுகளில் பேஸ் வரிகள் பல இடங்களில் ஷட்ஜம், பஞ்சமம், கைசிகி நிஷாதம், மேல் ஷட்ஜம் ஆகியவற்றையே சுற்றிவருவதற்கு, காந்தாரச் சண்டையை மேலே இருப்பவர்களிடம் விட்டுவிடுவது ஒரு நல்ல காரணம்.

டோரியனில் கவனிக்க வேண்டியது தைவதம். இதை நான் கற்றுக்கொண்டது ஓர் ஒத்திகையில், பலர் முன்னிலையில். ‘கமீலியன்’ பாடலின் நீண்ட முதற்பகுதி பி ஃபிளாட் மைனர் ஏழாம் கார்டு, ஈ ஃபிளாட் ஏழாம் கார்டு என்ற இரண்டில் மட்டுமே சுழல்கிறது. அதன் புகழ்பெற்ற அடிவரியை ஹான்காக் ஆர்ப் ஒடிஸி சிந்தசைசரில் வாசித்தார். மைனர் என்று கேட்டதும் நான் இயல்பு மைனரை, அதாவது நடபைரவியின் சுரங்களைப் பயிற்சி செய்துகொண்டு போயிருந்தேன். அடிவரி தடையின்றிப் போயிற்று. தனி வாசிப்பின்போது, இரண்டாம் கார்டின் மேல், ஜி ஃபிளாட்டைத் தொட்டு இறங்கும் ஒரு ஃபில்லைப் பெருமையோடு போட்டேன். கீபோர்டு வாசித்த அண்ணன் கையை எடுக்காமலே திரும்பி, ‘தம்பி, தைவதம் ஒரு ஃப்ரெட் மேலே’ என்றார். ஈ ஃபிளாட் ஏழாம் கார்டின் மூன்றாம் சுரமே ஜிதான்; பி ஃபிளாட்டிலிருந்து எண்ணினால் அது சதுஸ்ருதி தைவதம். அந்தக் கார்டு ஒலித்துக்கொண்டிருக்கும் வரை பாடல் கரகரப்பிரியாவில் இருக்கிறது. நானோ சுத்த தைவதத்தைக் கொண்டுவந்து அதன் நெஞ்சில் இடித்திருந்தேன். பயிற்சியின்போது இரண்டாம் கார்டைக் காதில் வாங்கியிருந்தாலே போதும், அது நேர்ந்திருக்காது.

எதற்கு இத்தனை ஃபிளாட் கீகள் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. டிரம்பெட்டும் டெனர் சாக்ஸஃபோனும் பி ஃபிளாட் கருவிகள், ஆல்ட்டோவும் பாரிட்டோனும் ஈ ஃபிளாட் கருவிகள்; அதாவது அவர்களின் தாளில் சி என்று எழுதியிருப்பதை வாசித்தால் ஒலிப்பது பி ஃபிளாட் அல்லது ஈ ஃபிளாட். நமக்கு ஈ ஃபிளாட் எனில் டெனர் வாசிப்பவருக்கு அது எஃப், நமக்கு ஈ எனில் அவருக்கு அது ஆறு ஷார்ப் உள்ள எஃப் ஷார்ப். ஹார்ன் பகுதி குழுவை இழுத்துச் செல்லும் இசையில் யாருடைய வசதி வெல்லும் என்று சொல்ல வேண்டியதில்லை. கீபோர்டுக்கும் அங்கே ஒரு சௌகரியம் உண்டு: ஈ ஃபிளாட்டை ஷட்ஜமாக வைத்தால் ஐந்து கறுப்புக் கட்டைகள் மட்டுமே மைனர் பெண்டடோனிக்கைத் தந்துவிடும், நம் கணக்கில் சுத்த தன்யாசி. ஸ்டீவி வொண்டரின் 1972ஆம் ஆண்டு ‘சூப்பர்ஸ்டிஷன்’ பாடலின் கிளாவினெட் (ஒரு மின் கீபோர்டு) ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு தொடரை, ஒரு முறை கீபோர்டில் தடவிப் பார்த்தால் இது தெரியும்.

பேஸ் வாசிப்பவருக்கு ஈ ஃபிளாட் ஒரு தொல்லையாகத் தோன்றலாம், ஏனெனில் நான்கு தந்திக் கருவியின் கீழ்த் தந்தி, ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஈ, அந்த ஷட்ஜத்தை அரைச்சுரத்தில் தவறவிடுகிறது. சிலர் எல்லாத் தந்திகளையும் அரைச்சுரம் தளர்த்திவிடுகிறார்கள். நான் அதைத் தொடக்கத்தில் அனுமதிப்பதில்லை. ஏ தந்தியின் ஆறாம் ஃப்ரெட்டில் ஷட்ஜத்தை வைத்துக்கொண்டால், அதே ஃப்ரெட்டில் ஈ தந்தியில் மந்தர பஞ்சமம், ஏ தந்தியிலேயே இரண்டு ஃப்ரெட் பின்னால் கைசிகி நிஷாதம், ஜி தந்தியின் எட்டாம் ஃப்ரெட்டில் மேல் ஷட்ஜம் என்று தேவையான யாவும் ஒரு கைக்குள் அடங்குகின்றன. மேலும் ஃப்ரெட்டில் அழுத்திய சுரத்தை இடது விரலைச் சற்றுத் தளர்த்தியே வெட்டி நிறுத்தலாம். திறந்த தந்தி அப்படி நிற்காது, அதைத் தனியே அமுக்க வேண்டும். ஃபங்க் வாசிப்பில் சுரம் எங்கே முடிகிறது என்பது எங்கே தொடங்குகிறது என்பதற்குச் சமமானது. ஃபங்க் பேஸ் கலைஞர் லாரி கிரஹாம் போல் ஈ கீயில் திறந்த தந்தியைக் கட்டைவிரலால் அறைந்து வாசிப்பது வேறு கலை. அதற்கு இரு கைகளாலும் தந்தியை அடக்கும் பயிற்சி தேவை.

என் வகுப்பில் இப்போது செயலியில் தம்புராவை மட்டும் திறக்கச் சொல்கிறேன். முதல் வாரம் இரண்டரைக் கட்டையில் சுருதி வைத்து, ஏ ஃபிளாட் மேஜரின் அந்த ஏழு சுரங்களை ஈ ஃபிளாட்டில் தொடங்கி ஈ ஃபிளாட்டில் முடித்து வாசிக்க வேண்டும். இரண்டாம் வாரம் அதே ஏழு சுரங்கள், சுருதி மட்டும் ஆறரைக் கட்டை. இரண்டு வாரமும் காந்தாரத்தில் தங்கக் கூடாது. மூன்றாம் வாரம் கீபோர்டு வாசிக்கும் ஒருவரை உடன் அமர்த்தி, அவர் எந்தக் காந்தாரத்தைப் பிடித்திருக்கிறார் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அதைத் தொட விடுகிறேன்.