கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள்

பத்தாம் வகுப்புத் தமிழில் வினா வகைகள் ஆறு என்று ஒரு பாடம் வரும். அறிவு, அறியாமை, ஐயுறல், கொளல், கொடை, ஏவல் என்று நன்னூல் அடுக்குவதுதான். அறிவினாவுக்கு எடுத்துக்காட்டு, ஆசிரியர் மாணவரிடம் ஒரு கவிதையின் பொருளைக் கேட்பது. அதே கேள்வியை மாணவர் ஆசிரியரிடம் கேட்டால் அது அறியா வினா. நான் நடத்துவது கணக்கும் அறிவியலும். ஆனாலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கருத்தாளராகப் பிற பள்ளிகளுக்குப் போகும்போது இந்த இலக்கணம்தான் கைகொடுக்கிறது. பின்வரிசையில் உட்கார்ந்து வகுப்பில் எழும் கேள்விகளை வகை பிரித்துக் குறித்துக்கொள்வேன். அநேகமாக எல்லாமே அறிவினா. விடை ஆசிரியருக்குத் தெரியும், புத்தகத்திலும் இருக்கிறது, பிள்ளைகள் திருப்பிச் சொன்னால் போதும். அவர்கள் வாயிலிருந்து வரவேண்டிய அறியா வினாவும் ஐய வினாவும் பல வகுப்புகளில் ஒரு பாடவேளை முழுக்க ஒரு தடவைகூட வருவதில்லை.

சிந்தனைத் திறனுக்கென்று தனியாக ஒரு பாடவேளை, ஒரு கையேடு, ஒரு போட்டி என்று நடத்திப் பலனில்லை என்பது என் அனுபவம். அன்றாடப் பாடத்தில் நாம் என்ன கேட்கிறோம், கேட்டபின் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சுற்றளவு, பரப்பளவுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 8 செ.மீ., அகலம் 4 செ.மீ., பரப்பளவு என்ன என்று கேட்டால் இரண்டு மூன்று பேர் 32 என்பார்கள். அத்தோடு முடிந்தது. நான் ஆளுக்கு 24 செ.மீ. நூல் கொடுத்துவிடுவேன். இதை வைத்து எத்தனை விதமான செவ்வகம் செய்யலாம், எது அதிக இடத்தை அடைக்கும்? "எல்லாம் ஒண்ணுதான் சார், நூல் அதேதானே" என்று பலர் சொல்வார்கள். நியாயமான ஊகம். தவறு என்று நான் சொல்வதில்லை, செய்து பார்க்கச் சொல்வேன். 11க்கு 1 வைத்தால் பரப்பு 11. 10க்கு 2 என்றால் 20. அப்புறம் 27, 32, 35 என்று ஏறிக்கொண்டே போகும். யாராவது 6க்கு 6 வைத்து 36 என்பார்கள். உடனே இன்னொருவர், "அது சதுரம், செவ்வகத்துல சேராது" என்று மறிப்பார். அந்த வாக்குவாதத்தில் நான் தலையிடமாட்டேன். தாங்களாகவே புத்தகத்தைப் புரட்டி வரையறையைத் தேடுவார்கள். நான்கும் செங்கோணம், எதிர்ப்பக்கங்கள் சமம். அப்படியானால் சதுரமும் உள்ளேதான். வரையறை என்று ஒன்று எதற்கு இருக்கிறது என்பது பலருக்கு அன்றைக்குத்தான் புரியும்.

அதற்கப்புறம் "முழு எண்ணாத்தான் இருக்கணுமா?" என்று ஒரு குரல் வரும். ஆறரைக்கு ஐந்தரை, 35.75. அப்படிப் பார்த்தால் செவ்வகங்களுக்குக் கணக்கே கிடையாது. ஒரு வருடம் ஒரு மாணவன் நூலை வட்டமாக வளைத்து வைத்துவிட்டு, "இது சேருமா சார்?" என்றான். நான் கேட்ட கேள்விக்குள் அது சேராது. ஆனாலும் கட்டத் தாளில் வைத்துக் கட்டங்களை எண்ணினோம். 45ஐ நெருங்கியது. வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரம் அவர்களுக்கு அப்போது தெரியாது. சூத்திரப்படி ஏறக்குறைய 45.8 வரும். சதுரத்தை மறித்ததை விமர்சனச் சிந்தனை என்றும், வட்டம் வளைத்ததைப் படைப்புச் சிந்தனை என்றும் பயிற்சிகளில் தனித்தனியாக நடத்துகிறோம். வகுப்பில் இரண்டும் ஒரே கேள்வியிலிருந்து, ஒன்றை ஒன்று கிளப்பிவிட்டுத்தான் வருகின்றன.

நல்ல கேள்வி மட்டும் போதாது. அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ், வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1970களில் ஒன்றைக் காட்டினார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, பிள்ளைகளே கேட்கும் கேள்விகள் கூடின, மந்தம் என்று ஒதுக்கப்பட்டவர்களும் பேசினார்கள். மூன்று நொடிதானே என்று தோன்றும். நாற்பது முகங்களுக்கு முன்னால் பேசாமல் நின்று பாருங்கள், அதன் நீளம் தெரியும். பதில் வந்தபிறகும் அதே அளவு பொறுக்க வேண்டும். முதல் சரியான பதிலுக்கே 'வெரி குட்' சொல்லிவிட்டால் மிச்சம் முப்பத்தொன்பது பேரும் யோசிப்பதை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். இன்னொன்று. "எப்படிச் சொல்றே?" என்பதை நம்மில் பலர் தவறான பதிலுக்கு மட்டுமே கேட்கிறோம். பிள்ளைகள் இதைச் சீக்கிரம் கண்டுகொள்வார்கள், கேட்ட உடனே பதிலை மாற்றுவார்கள். சரியான பதிலுக்கும் அதைக் கேட்டுப் பழக்கினால்தான் காரணம் சொல்ல வாய் வரும். வகுப்பு முன் பேசத் தயங்குகிறவர்களுக்கு, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் சொல்லிப் பார்க்க வாய்ப்புக் கொடுங்கள். என் வகுப்பில் பல மாணவிகளின் குரலை நான் முதன்முதலில் கேட்டது அப்படித்தான்.

சமூக அறிவியலில் இதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டைவிட நல்ல பாடம் கிடையாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறை. நாம் பெருமையோடு நடத்துகிறோம், பெருமைப்பட வேண்டியதும்தான். நண்பர் ஒருவர் தன் வகுப்பில் பிள்ளைகளிடம் தகுதிப் பட்டியலைக் கொடுத்தார்: வயது 35க்கு மேல் 70க்குள், வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. "இதுல யார் யாருக்கு இடமில்லை?" என்று மட்டும் கேட்டார். பெண்கள், நிலமில்லாதவர்கள், வேதம் படிக்க விடப்படாதவர்கள் என்று பட்டியல் நீண்டது. "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கணக்குக் காட்டாதவனை நிற்கவிடாததே பெரிசு" என்று ஒரு மாணவி வாதாடினாள். கல்வெட்டில் அதற்கும் ஆதாரம் இருக்கிறது. இரண்டு பக்கமும் கல்வெட்டைக் காட்டியே பேசினார்கள். மனப்பாடம் செய்த பத்து வரியில் இது வராது.

வாட்ஸ்அப் வதந்திகளையும் பாடமாக்கலாம். சூடான அரசியல் செய்தி வேண்டாம், வகுப்பு இரண்டுபட்டுவிடும். 2016இல் 2000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது, 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்று பரவியதே, அது போதும். சிப்புக்கு மின்சாரம் எங்கிருந்து வரும், லிஃப்டுக்குள் போனால் போனில் மேப் ஏன் தடுமாறுகிறது, முதலில் இதைச் சொன்னது யார் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே பிரித்துப் போட்டுவிடுவார்கள்.

இதைச் சொன்னதும் மனப்பாடத்தை ஒழிக்கச் சொல்கிறேன் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்கு நூல் பாடத்தில் 27, 32, 35 என்று ஏறுவது கண்ணில் படாது. யோசிக்கக் கையில் சரக்கு வேண்டும். எனக்குக் கவலை தருவது வேறு. எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வின் மனத்திறன் பகுதியைக்கூடக் குறுக்கு வழிகளாகத் தொகுத்து மனப்பாடம் செய்ய வைக்கிறோம். வருடம் 12,000 ரூபாய் உதவித்தொகை ஏழைப் பிள்ளைக்குப் பெரிய தொகை, பயிற்சி கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் புதிர் ஒன்றைத் தானாக அவிழ்க்கும் நேரத்தையும் அந்தப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம். பொதுத்தேர்வில் பாடத்தின் பின்னால் உள்ள வினாக்களை விட்டுப் பாடத்துக்கு உள்ளிருந்து ஒரு கேள்வி வந்துவிட்டால் அடுத்த நாள் எழும் புலம்பலும் இங்கிருந்து வருவதுதான்.

போர்ஷன் முடியாது என்பார்கள். உண்மையான கவலை அது. எல்லாப் பாடவேளையும் இப்படி நடத்த யாராலும் முடியாது. ஒரு பாடத்துக்கு ஒரு கேள்வி போதும். அதைப் பாடக்குறிப்பு எழுதும்போதே முடிவுசெய்து எழுதிவிடுங்கள், வகுப்பில் நின்ற பிறகு தோன்றாது. தலைமை ஆசிரியர்களிடமும் பார்வைக்கு வரும் அலுவலர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு வகுப்பில் சத்தமாக இருந்தால் வாசலில் நின்றபடி ஆசிரியரை அதட்டாதீர்கள். உள்ளே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளைகள் எதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள் என்று இரண்டு நிமிடம் கேளுங்கள்.